உங்களுக்கு மஹரகம, அக்கா

கவுண்டரில் அந்தச் சுழல் கதிரை இன்னும் இருக்கிறதா? இடப்பக்கக் கைப்பிடி ஆடும். அதை ஆட வைத்தது நான்தான். பத்தொன்பது வருடம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வருகிற சனத்தின் முகத்தைப் பார்த்தேன். இப்போது அதில் இருக்கிற பிள்ளை யாரோ, முதல் வேலையாக ஒரு ஸ்குரூ டிரைவர் தேடிக்கொள்வது நல்லது.

எங்களுடைய இரத்தப் பரிசோதனை லாபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மனேஜர் கேட்டார். "உங்கட காலத்தில நடந்த பிழைகளைப் பற்றி எழுதினால் நல்லம்" என்றார். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். இரத்தம் எடுப்பது, லேபல் ஒட்டுவது, கணினியில் பதிவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். நான் ஓய்வு பெற்றுப் போன பிறகு வெள்ளவத்தைக் கிளை ஒழுங்காக நடக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். வருத்தம் என்றால் எங்களுடைய ஆட்களுக்கு நோய் என்று அர்த்தம், ஆகவே கவலை என்று திருத்திக்கொள்கிறேன். லாபில் வேலை செய்கிறவளுக்குச் சொல்லில் கவனம் வேண்டும். எனக்கு அந்தக் கவனம் வந்த விதம்தான் இந்தக் கதை.

வேலையில் சேர்ந்து ஏழு நாள் முடியுமுன்பே, முதல் கிழமையே ஒரு அடி விழுந்தது. ஹெவ்லொக் டவுனில் இருந்து ஒரு ஐயா வந்திருந்தார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுப் பழக்கத்தில், "போயிட்டு வாங்கோ ஐயா" என்றேன். மனிதர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"ஏன், திரும்பவும் நான் இஞ்ச வரவேணுமோ? எனக்கு வருத்தம் வாறதில உமக்கு அவ்வளவு ஆசையோ?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கிளைகளுக்கிடையில் மோட்டார் சைக்கிளில் ரிப்போர்ட் கொண்டு திரிகிற நானா அப்போது பக்கத்தில் நின்றார். தெமட்டகொடைக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதானே கூப்பிடுவோம், அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் நானாதான், பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"மையத்து வீட்லயும் ஆஸ்பத்திரிலயும் யாரும் 'போயிட்டு வாறன்' சொல்லுவாங்களா தங்கச்சி? இதுவும் அப்பிடித்தான். 'சரி அப்ப' எண்டு சொல்லி அனுப்புங்க."

மையத்து என்றால் பிரேதம். அன்றே பிடித்துக்கொண்டேன். 'சரி அப்ப' என்ற இரண்டு சொல்லில் என்னுடைய உத்தியோகம் ஓடியது. சீனி கூடினவருக்கும் குறைந்தவருக்கும் 'சரி அப்ப'தான்.

இனி மங்களகௌரி அக்காவுக்கு வருகிறேன். அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். என்னைவிட மூத்தவர், எவ்வளவு மூத்தவர் என்று எழுதக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

அக்கா கலியாணப் புரோக்கர். கடற்கரைப் பக்கம் போகிற ஒரு ஒழுங்கையில், ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வெள்ளவத்தையில் யாருடைய மகள் எந்த நாட்டில், யாருடைய மகன் ஏன் இன்னும் சும்மா இருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அவருடைய பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, உரித்துப் பார்க்க வேண்டும். "பொடியன் சரியான அமைதி" என்றால் வேலை இல்லை. "பிள்ளை நல்ல கெட்டிக்காரி" என்றால் மாமியார் கவனமாக இருக்க வேண்டும். "வயது கொஞ்சம் முன்னபின்ன" என்றால் என்னைப் போல ஒருத்தி. சொல்லுக்குள் இன்னொரு சொல்லை ஒளித்து வைத்தே பிழைத்தவர், ஆகவே மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே உரித்துத்தான் கேட்பார்.

நான் கலியாணம் செய்யவில்லை. அது அக்காவுக்குப் பெரிய மானப் பிரச்சினை. கவுண்டருக்கு வரும் ஒவ்வொரு முறையும், "பிள்ளை, உமக்கு ஒரு இடம் கிடக்குது" என்று தொடங்குவார். ஐம்பத்து மூன்று வயதிலும் எனக்கு இடம் கிடந்தது.

ஒருநாள் வந்தார். இடத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு அப்போதே ஏதோ பட்டது.

"நெஞ்சில ஒரு கட்டி பிள்ளை. டொக்டர் சோதிக்கச் சதைத் துண்டெடுத்திருக்கிறார். முடிவு உங்கட லாபுக்குத்தான் வருமாம்" என்றார். பிறகு, "ஊருக்கெல்லாம் சோடி சேர்த்தன். எனக்கு ஒண்டெண்டால் ஒரு தேத்தண்ணி வைச்சுத்தர ஆளில்லை, பாத்தீரே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருடைய வாயைத் தாண்டி எங்கும் போகவில்லை.

முடிவு வர ஒரு கிழமை பிடிக்கும். அந்தக் கிழமை முழுவதும் அக்கா நாளுக்கு ஒரு சாட்டோடு வந்தார். பிரஷர் பார்க்க. சில்லறை மாற்ற. வெயிலுக்கு ஒதுங்க. வந்து என்னுடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அவரில் நல்ல பாசம் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிழை அதிலிருந்துதான் வந்தது.

அக்காவின் முடிவு ஒட்டிய கவரில் வந்து சேர்ந்ததும், மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது, அக்கா வந்ததும் ஒரு நொடியில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து, கவரின் மூலையில் சிவப்புப் பேனையால் எம்.ஜி. என்று பெரிதாக எழுதினேன். மங்களகௌரி, எம்.ஜி. எழுதி, தட்டில் மேலாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். எங்களுடைய கிளைகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடு உண்டல்லவா? எம்.ஜி. என்றால் மஹரகமக் கிளை. பின்னேரம் கட்டுப் பிரித்தவர்கள் கடமையில் தவறாமல் அதை மஹரகமவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குறியீட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

அடுத்த நாள் காலை கவுண்டரில் திருவிழாக் கூட்டம். பிரிண்டர் கடதாசியை விழுங்கிவிட்டு நிற்கிறது, ஒரு குழந்தை ஊசியைக் காணும் முன்பே வீரிட்டு அழுகிறது. அந்த நேரம் அக்கா போன் எடுத்தார். கணினியைத் தட்டினேன். கவர் மஹரகமக் கிளையில் இருப்பதாகக் காட்டியது. எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த கதையை ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறேன்.

"அக்கா, உங்களுக்கு மஹரகம. நீங்கள் அங்கதான் போகவேணும்."

"வடிவாத் தெரியுமோ பிள்ளை?"

"ஓம் அக்கா, கம்பியூட்டரில தெளிவாக் கிடக்குது."

"அப்ப... கெதியாப் போறது நல்லமோ?"

"ஓம், சுணங்காமல் இண்டைக்கே போங்கோ."

"சரி பிள்ளை. உமக்குப் பெரிய உபகாரம்."

போனை வைத்துவிட்டு, இந்தக் கூட்டத்திலும் எவ்வளவு மரியாதையாகப் பதில் சொன்னேன் என்று எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது. ஒரு ரோல்ஸும் பிளேன்ரீயும் எடுப்பித்துச் சாப்பிட்டேன்.

பாதி ரோல்ஸில் நானா வந்தார். "அந்தக் கலியாண அக்காட கவர் மஹரகம போயிட்டு. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னதைச் சொன்னேன். நானா ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! தங்கச்சி, நீங்க அவங்களுக்குக் கென்சர் எண்டு சொல்லீக்கிறீங்க!"

கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியூரில் இருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நோயின் பெயரை எங்களுடைய ஆட்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அதற்கான பெரிய ஆஸ்பத்திரி மஹரகமவில் இருப்பதால் ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. "அவவுக்கு மஹரகமவாம்" என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னால் மற்றவர் "ஐயோ" என்பார். அங்கே காணி வாங்கிய என் மச்சான், "நாங்கள் மஹரகமவுக்குப் போறம்" என்று தொடங்கியதும் மாமி அழுதே விட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கவுண்டரில் இருக்கும்போது மஹரகம என்றால் எனக்குக் கிளை மட்டும்தான்.

அக்காவின் போன் அடைத்திருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கவுண்டரை ஒப்படைத்துவிட்டு ஒழுங்கைக்கு ஓடினேன். கதவு பூட்டு. பக்கத்து வீட்டு மனிசி வெளியே வந்தார்.

"மஹரகமவுக்குப் போட்டா. பாய், தலகாணி, சுடுதண்ணிப் போத்தில் எல்லாம் கட்டிக்கொண்டு போறா. வீட்டுத் திறப்பை என்னட்டத் தந்து பூக்கண்டுக்குத் தண்ணி விடச் சொன்னவ. கிடந்த சாதகக் கட்டு முழுக்க ஒரு ஓட்டோவில ஏத்திக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பிப்போட்டா."

கொட்டாஞ்சேனையில் இருப்பது இன்னொரு புரோக்கர், அக்காவின் பரம எதிரி. தொழிலையே கைமாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

"இன்னொண்டு" என்றார் அந்த மனிசி. "வெளிக்கிடேக்க 'போறன்' எண்டவ. 'போயிட்டு வாறன்' எண்டு சொல்லேல்லை."

திரும்பி ஓடி வந்து, பக்கத்து மருந்துக்கடையில் ஒரு ஹெல்மெட்டை இரவல் வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானாவின் பின்னால் ஏறினேன். வாழ்க்கையில் முதல் முறை. காலி வீதியில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அன்று பார்த்துச் சாமான் வாங்க வெளிக்கிட்டிருந்தார்கள். வெட்கத்தில் மூடிய கண்ணைக் கிருலப்பனை தாண்டி ஹைலெவல் வீதியில் ஏறும் வரை நான் திறக்கவில்லை.

முதலில் எங்களுடைய கிளைக்குப் போய்க் கவரை வாங்கினோம். என்னுடைய சிவப்பு எம்.ஜி. மூலையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் வழியில் நானா மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார்.

"தொறந்து பாருங்க தங்கச்சி. நல்லதா ஈந்தா சிரிச்சிட்டே குடுக்கலாம்தானே."

கவுண்டரில் இருப்பவர்கள் ஒட்டிய கவரைத் திறப்பதில்லை. அது உங்களுக்குப் படிப்பித்துத் தந்த சட்டம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என்னுடைய நகம் ஏற்கனவே கவரின் வாய்க்குள் போயிருந்தது. 'ஒன்றுமில்லை' என்று உள்ளே இருந்துவிட்டால் என்னுடைய பிழை ஒரு பகிடியாகப் போய்விடும். அப்படி இல்லாவிட்டால்? அந்த ரிப்போர்ட்டைப் படித்த முகத்தோடு நான் அக்காவின் முன்னால் போக வேண்டும். ஒரு கிழமையாக அவர் படித்து வருகிற முகம் அது. நகத்தை எடுத்துவிட்டேன். சட்டத்துக்காக எடுத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு நல்லதாக இருக்கும். பயத்தில்தான் எடுத்தேன்.

அக்கா ஆஸ்பத்திரிக்குள் போயிருக்கவில்லை. கடிதம், கிளினிக் காட் என்று ஒன்றும் இல்லாமல் பாயோடு வந்தவரை வாசலில் நின்ற காவலாளி எதிரே தேத்தண்ணிக் கடையில் இருக்கச் சொல்லியிருக்கிறார். நாங்கள் போனபோது கடையின் நீட்டு மர வாங்கில் அக்கா, அக்காவின் பக்கத்தில் பாய், முன்னால் அந்தக் காவலாளி. கடமை முடிந்து தேத்தண்ணிக்கு வந்த மனிதரிடம் அக்கா, தம்பி என்பதை மல்லி என்று மாற்றி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மல்லி, ஏன் இன்னும் கலியாணம் செய்யேல்லை?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டோடு இறங்கிய என்னைக் கண்டதும் அவருடைய கண் நானாவிடம் போய், பிறகு என்னிடம் வந்தது.

"இத்தனை வருசமா உமக்கு இடம் பாத்தன். கடைசியில நீரே பாத்திட்டீரோ?"

நானாவுக்கு நாலு பேரப்பிள்ளைகள். அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சீனி கேட்கப் போனார்.

நான் வாங்கில் இருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். "அக்கா, நான் சொன்னது எங்கட கிளையை. உங்கட கவர் மாறி மஹரகமக் கிளைக்கு வந்திட்டுது. என்னிலதான் பிழை. வருத்தத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நில்லுங்கள். என்னுடைய நாக்கு நுனியில் 'ஓம் அக்கா, உங்களுக்கு ஒண்டுமில்லை' என்பது தயாராக வந்து நின்றது. அதைச் சொன்னால் அவருடைய முகம் எப்படி மலரும் என்பது எனக்குத் தெரியும். என்னுடைய வெட்கமும் அதோடு தீர்ந்துவிடும். காலையில் சொன்ன பிழையை அழிப்பதற்குக் கைக்கு எட்டிய துணி அதுதான். ஆனால் கவர் மடியில் ஒட்டியபடி கிடந்தது. காலையில் ஒருமுறை தெரியாமல் சொன்னேன். இனிச் சொன்னால் தெரிந்து சொன்னதாகும்.

"தெரியாது அக்கா."

"தெரியாதோ?"

"தெரியாது. நான் திறக்கேல்லை. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அக்கா என்னுடைய முகத்தை உரித்து உரித்துப் பார்த்தார். பிறகு தன்னுடைய கையை என்னுடைய கையில் வைத்தார்.

"பயமாக் கிடக்குது பிள்ளை" என்றார். "காலமை நீர் சொன்ன உடனே பயம் விட்டுப்போட்டுது. இதுதான் எண்டு தெரிஞ்சால் பாயைச் சுத்திக்கொண்டு வெளிக்கிடலாம். இப்ப தெரியாது எண்டுறீர், திரும்பவும் அந்தக் கிழமை வந்து நெஞ்சில குந்திப்போட்டுது."

"எனக்கும் பயமாத்தான் கிடக்குது அக்கா" என்றேன். உண்மையாகவே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா தன்னுடைய சேலைத் தலைப்பால் என்னுடைய மூக்கைத் துடைத்தார். "இந்த முகத்தோட நிண்டால் உமக்கு ஆர் இடம் பாக்கிறது" என்றார்.

கவரை அவரும் திறக்கவில்லை. பின்னேரம் வெள்ளவத்தையில் டொக்டரைப் பார்க்க முன்பே சனல் பண்ணி நேரம் எடுத்திருந்தார், அதற்கு ஓட்டோவில் போனோம், பாயும் நாங்களும். டொக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். அக்கா என்னுடைய கையை விடவில்லை. டொக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த நோய்தான். வேளைக்குப் பிடித்திருக்கிறோம், மருந்து இருக்கிறது, உடனே தொடங்க வேண்டும் என்றார்.

அக்கா கொஞ்ச நேரம் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். "மஹரகமவோ டொக்டர்?"

"ஓம் அம்மா. கடிதம் தாறன், நாளைக்குப் போங்கோ."

"நான் காலமையே பாயோட போனனான் டொக்டர். இந்த மனிசிதான் திருப்பிக் கூட்டியந்தது."

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவருடைய அறையில் இருந்து சிரித்தோம். அக்காவின் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தார்.

வெளியே வந்து ஓட்டோவுக்கு நிற்கும்போது அக்கா சொன்னதை நான் மறக்க மாட்டேன். "ஒண்டுமில்லை எண்டு நீர் கடையில வைச்சுச் சொல்லியிருந்தால், இப்ப டொக்டர் மருந்து இருக்கெண்டு சொன்னதையும் நான் நம்பியிருக்க மாட்டன்." பொய்யின் ருசி தெரிந்த தொழில்காரி சொன்னது, ஆகவே எனக்கு அதில் முழு நம்பிக்கை.

மருந்துக் காலம் சுகமான காலம் இல்லை. தலைமயிர் போனது, சாப்பாடு பிடிக்கவில்லை, சில நாட்கள் கதவையே திறக்க மாட்டேன் என்றார். கிளினிக் நாட்களில் நான் லீவு போட்டுக் கூடப் போனேன். காத்திருக்கிற வாங்கில் அக்கா சும்மா இருக்கவில்லை. அந்தக் காவலாளிக்கும் அங்கே துப்புரவு வேலை செய்த ஒரு பெண்ணுக்கும் பேசி முடித்தார். சிங்களத்தில் அவர் முடித்த முதல் கலியாணம் அது. கொட்டாஞ்சேனையிடம் சாதகக் கட்டைத் திருப்பிக் கேட்டபோது அந்த மனிசி அதற்குள் இரண்டைப் பொருத்தி முடித்திருந்தார். அக்காவுக்கு நோயைவிட அதுதான் கூட வலித்தது.

நீங்கள் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். ஆளைப் பார்த்து, பக்கத்தில் இருந்து, சொல்லுங்கள். போனில் சொல்லும்போது ஒருமுறை மூச்சு விட்டுவிட்டுச் சொல்லுங்கள். கவரில் எதையும் சிவப்பில் எழுதாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முதல் கிழமை அக்கா வழமையான சோதனைக்கு வந்தார். மயிர் திரும்பவும் வளர்ந்து, முன்னையைவிடச் சுருளாக இருந்தது. இரத்தம் கொடுத்தார், எனக்கு ஒரு இடம் கிடப்பதாகச் சொன்னார், பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் வழக்கம் போல "சரி அப்ப அக்கா" என்றேன். அவர் படியில் நின்று திரும்பினார்.

"போயிட்டு வாறன் பிள்ளை!" என்றார். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி.

ஒரு அம்மா "சிவ சிவா" என்றார். லாபில் நின்று ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போதும் வருகிறார். சுருள் மயிர், பெரிய பை, உங்களில் கலியாணமாகாதவர்கள் யாரென்று முதலிலேயே கேட்பார், ஆளைத் தெரிந்துவிடும். இரத்தம் எடுத்து முடிந்ததும் வாசற்படியில் நின்று திரும்பி அதைச் சொல்லுவார். அந்த நேரம் 'சரி அப்ப' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போயிட்டு வாங்கோ என்று சொல்லுங்கள்.